பிழையுள்ள அறிவியல் புனைகதையை மதிக்கலாமா?

கோலாலம்பூரில் கணக்கியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆன்டி வியரின் 'தி மார்ஷியன்', லியூ சிசினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்', சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆகிய மூன்று நாவல்களையும் அண்மையில் எல்ஆர்டி ரயில் பயணங்களிலேயே வாசித்து முடித்திருக்கிறார். மூன்றும் அவருக்குப் பிடித்திருக்கின்றன. ஆனால் பொறியியல் படிக்கும் அறைத் தோழர், "இதில எல்லாம் அறிவியலே கிடையாது, நேரம்தான் வீண்" என்று சொல்லிவிட்டாராம். நண்பர் சொல்வது சரியா, அடுத்து எதை வாசிக்கலாம் என்று கேட்கிறார். இரண்டாவது கேள்விக்குச் சில நூல்களின் பெயரைச் சொன்னால் முடிந்துவிடும். முதல் கேள்வி அப்படிப்பட்டதன்று. ஒரு கதையில் வரும் அறிவியல் தவறு என்று தெரிந்த பிறகும் அந்தக் கதையை மனமார மதிக்க முடியுமா என்பதையே அவர் கேட்கிறார் என்று புரிந்துகொள்கிறேன்.

நான் பினாங்கில் 31 ஆண்டுகள் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். அவற்றுள் பல ஆண்டுகள், வகுப்பு முடிந்த பிற்பகல்களில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களோடு ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தையும் நடத்தினேன். அறிவியல் புனைகதை ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, அதில் வரும் எண்களைக் கரும்பலகையில் போட்டுச் சரிபார்ப்பது எங்கள் வழக்கமாக இருந்தது. ஆகவே கீழே வரும் இயற்பியல் பகுதிகளை உறுதியாகச் சொல்கிறேன். உயிரியல் எனக்குப் பள்ளி அளவில்தான் தெரியும். சீன நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தவன் என்பதால் அதன் நடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நூல்களைப் பற்றிய விருப்பு வெறுப்புகள் என் சொந்தக் கருத்துகளே.

கரும்பலகைக்கு நாங்கள் முதலில் கொண்டுவந்த நூல், ஜூல் வெர்ன் 1865-இல் எழுதிய நிலவுப் பயண நாவல். அமெரிக்காவில் பீரங்கிப் பித்துக் கொண்ட ஒரு கழகத்தார், 900 அடி நீளமுள்ள பீரங்கியைத் தரைக்குள் செங்குத்தாக வார்த்து, மூன்று பேர் அமர்ந்த குண்டை அதிலிருந்து நிலவை நோக்கிச் சுடுகிறார்கள். குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர் என்பதை நினைத்தால், வெர்ன் எவ்வளவு அக்கறையோடு கணக்குப் பார்த்திருக்கிறார் என்பது விளங்கும். சிக்கல் பீரங்கியின் நீளத்தில் இருக்கிறது. 900 அடி என்பது 274 மீட்டர். அசையாமல் கிடக்கும் குண்டு அந்தத் தூரத்துக்குள் 11 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். வேகத்தின் இருமடியைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 22,000 மடங்குக்கும் மேல் வருகிறது. குண்டு பீரங்கியின் வாயை விட்டு வெளியேற ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அந்தக் கணத்தில் 60 கிலோ எடையுள்ள பயணியின் மேல் 1,300 டன்னுக்கு மேற்பட்ட பளு இறங்கும். அதிர்ச்சியைத் தாங்கக் குண்டின் அடியில் தண்ணீரை மெத்தைபோல நிரப்பி வைக்கிறார் வெர்ன். அது எந்த வகையிலும் போதாது. மூவரும் நிலவைப் பார்க்கும் முன்பே உயிரிழந்திருப்பார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்த நாளில் வகுப்பில் பெரிய வெற்றிக் களிப்பு. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், "சார், தப்பைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லா நம்பரையும் அவரேதானே கொடுத்திருக்காரு" என்றாள். அறிவியல் புனைகதையைப் பற்றி நான் அன்றுவரை வாசித்திருந்த கட்டுரைகள் எதிலும் இவ்வளவு சரியான அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை. நீளம், வேகம், வெடிமருந்தின் அளவு, சுடும் இடம் ஏன் அந்த அட்சரேகைக்குள் இருக்க வேண்டும் என்பதற்கான காரணம் என்று எல்லாவற்றையும் வெர்ன் வாசகர் முன் பரப்பி வைத்துவிட்டார். தம்மை மறுப்பதற்கான கருவியையும் சேர்த்தே கையில் கொடுத்த நூலைப் பொய் நூல் என்று எப்படிச் சொல்வது? அவர் தேர்ந்தெடுத்த புளோரிடாவிலிருந்துதான் 1969-இல் அப்போலோ 11 நிலவுக்குப் புறப்பட்டது. அதை நான் தீர்க்கதரிசனம் என்று சொல்ல மாட்டேன். நிலவு தலைக்கு நேர் மேலே வர வேண்டும் என்பதற்காக வெர்ன் தெற்கே போனார். பூமியின் சுழற்சி வேகம் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது பிற்காலப் பொறியாளர்கள் தெற்கே போனதற்கான காரணங்களுள் ஒன்று.

நீங்கள் கணக்கியல் படிப்பவர் என்பதால் உங்கள் துறைச் சொல்லிலேயே சொல்கிறேன். அறிவியல் புனைகதை எழுதுபவர் உண்மையிடம் கடன் வாங்கலாம். ஆனால் அந்தக் கடனைப் பேரேட்டில் எழுதியாக வேண்டும், அதற்குரிய வட்டியைக் கதை முழுவதும் கட்டியாக வேண்டும். எச். ஜி. வெல்ஸ் 1901-இல் எழுதிய நிலவு நாவலில், ஈர்ப்பைத் தடுக்கும் ஒரு பொருளை உருவாக்கிக்கொண்டு கதாபாத்திரங்களை மேலே அனுப்பிவிட்டார். அப்படிப்பட்ட பொருள் எங்கே இருக்கிறது, காட்டட்டும் என்று வெர்னுக்கு மனக்குறை. என் கருத்தில் இருவருமே நேர்மையானவர்கள். வெல்ஸ் ஒரே ஒரு பெரிய கடனை எல்லாருக்கும் தெரியும்படி வாங்கி, அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் ஒழுங்காக யோசித்தார். தேவைப்படும்போதெல்லாம் புதிய கடன் வாங்கி, எதையும் எங்கும் பதியாமல் போகிற நூல்களே எனக்கு அலுப்பைத் தருகின்றன.

இந்த அளவுகோலை நீங்கள் வாசித்த மூன்று நூல்களுக்கும் வைத்துப் பார்க்கிறேன். 'தி மார்ஷியன்' நாவலில் கதாநாயகன் செவ்வாயில் தனித்து விடப்படுவதற்குக் காரணம் ஒரு பயங்கரப் புயல். செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, இங்கே கர்னி டிரைவ் கடற்கரையில் மாலை நேரத்தில் சட்டையைப் படபடக்க வைக்கிற 20 கிலோமீட்டர் காற்றின் தள்ளுவிசையைத்தான் தரும். ராக்கெட்டைச் சாய்க்கவோ மனிதரைத் தூக்கி வீசவோ அதனால் முடியாது. இது உறுதி, ஆசிரியரே இதைத் தெரிந்து செய்ததாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு கடனுக்குப் பிறகு, கதாநாயகன் அங்கே விளைவிக்கும் உருளைக்கிழங்குக்குத் தேவையான தண்ணீர், உணவின் கலோரிக் கணக்கு, மின்கல ஆற்றல் என்று ஒவ்வொரு பக்கத்திலும் வட்டியைக் கட்டிக்கொண்டே போகிறார். மண்ணைப் பற்றி மட்டும் ஓர் ஐயம் உண்டு. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. அதைக் கழுவி நீக்காமல் அங்கே விளைந்ததைச் சாப்பிடுவது பாதுகாப்பாக இருக்குமா என்பது உயிரியல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டியது. அதே ஆசிரியரின் 'புராஜெக்ட் ஹெயில் மேரி', 2021-இல் வந்தது. சூரியனின் ஆற்றலை உண்டு வாழும் நுண்ணுயிர் என்ற ஒரே கற்பனையின் மேல் முழு நாவலும் நிற்கிறது. இரண்டில் எனக்கு இதுவே பிடித்தது. பொது மொழியே இல்லாத இரண்டு உயிர்கள் எண்களிலிருந்தும் நேர அளவிலிருந்தும் பேச்சைக் கட்டியெழுப்பும் பகுதியை நான் இரண்டு முறை வாசித்தேன்.

லியூ சிசினின் நாவலைப் பொறுத்தவரை உங்கள் நண்பரின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஈர்ப்பால் ஒன்றையொன்று இழுக்கும் மூன்று பொருள்களின் பாதையை எக்காலத்துக்கும் சொல்லிவிடக்கூடிய பொதுவான எளிய சூத்திரம் கிடையாது என்பது உண்மை; 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே அதன் ஆழத்தைக் காட்டினார். ஆனால் நாவலில் மூன்று சூரியன்களும் ஒரு கிரகத்தைத் தாறுமாறாகப் பந்தாடுவதுபோல, அதற்கு அடிப்படையான ஆல்பா சென்டாரி உண்மையில் நடந்துகொள்வதில்லை. அங்கே இரண்டு விண்மீன்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. மூன்றாவதான ப்ராக்சிமா மிகத் தொலைவில், ஒரு சுற்றுக்கு 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, மெதுவாக நகர்கிறது. ஒரு புரோட்டானை விரித்து அதன்மேல் கணினியைப் பொறித்து மீண்டும் சுருட்டுவது முழுக்க முழுக்கக் கற்பனை. இரண்டாம் பாகத்தில் வரும் 'இருண்ட காடு' கருத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பேரண்டத்தில் உள்ள நாகரிகங்கள் எல்லாம் ஒன்றையொன்று அஞ்சி ஒளிந்திருக்கின்றன என்ற அந்த வாதத்தை, நிரூபிக்கப்பட்ட விதிபோல இளைஞர்கள் மேற்கோள் காட்டுவதைக் கேட்கிறேன். அது ஓர் ஊகம். கதைக்கு மிக வலிமையான ஊகம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இத்தனைக்குப் பிறகும் இந்த நூலை நான் பரிந்துரைப்பேன், முதன்மையாக அதன் தொடக்கத்துக்காக. பண்பாட்டுப் புரட்சியின்போது ஓர் இயற்பியல் பேராசிரியர் மேடையில் வைத்து அடித்துக் கொல்லப்படுவதை அவருடைய மகள் கூட்டத்தில் நின்று பார்க்கும் காட்சி, பின்னால் அவள் செய்யும் எல்லாவற்றுக்கும் விளக்கமாக நிற்கிறது. 2006-இல் சீன இதழில் தொடராக வந்த இந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015-இல் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருதைப் பெற்றது. ஆசியாவிலிருந்து அந்த நாவல் விருதைப் பெற்ற முதல் நூல் அதுவே.

சுஜாதாவுக்கு வேறு வகையான நியாயம் செய்ய வேண்டும். எண்பதுகளில் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது இங்கே லிட்டில் இந்தியாவில் இதழ் வந்து சேரும் நாளுக்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக அவர் எழுதிய ஆண்டுகளை நாம் கடந்தே வந்துவிட்டோம் என்பதால், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சரிபார்க்க இப்போது கை துறுதுறுக்கும். அப்படி வாசிப்பது அந்த நாவலுக்கு இழைக்கும் அநீதி என்று நினைக்கிறேன். அவர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். இயந்திர நாய் எப்படி இயங்குகிறது என்று பக்கம் பக்கமாக எழுத அவருக்குத் தெரியும். எழுதவில்லை. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது, குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும் என்ற நிலையில், நிலா என்ற சாதாரணப் பெண் என்ன ஆகிறாள் என்பதில்தான் அவருடைய கவனம் இருந்தது. ஜீனோ என்ற அந்த நாய் பேசுவதும் படிப்பதும் வாங்கிய கடன். மனிதர்களே யோசிக்க மறந்துவிட்ட நாட்டில் ஓர் இயந்திரம் யோசிக்கத் தொடங்குவது அதற்குக் கட்டிய வட்டி. இதை வாசித்தவர்கள் தொடர்ந்து 'மீண்டும் ஜீனோ'வையும் வாசிக்கலாம், ஆனால் முதல் நாவலின் இறுக்கம் அதில் குறைவு என்பது என் எண்ணம். இயந்திர மனிதர்களுக்கான மூன்று விதிகளை 1942-ஆம் ஆண்டுச் சிறுகதையில் முதன்முதலாக வரிசைப்படுத்திய ஐசக் அசிமோவையும் இதனுடன் சேர்த்து வாசித்தால் நல்லது. அந்த விதிகள் இன்றைய செயற்கை நுண்ணறிவுக்குப் போதுமான பாதுகாப்பு என்று பேசுபவர்கள் அந்தக் கதைகளை முழுதாக வாசிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும், ஏனெனில் விதிகள் எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்பதுதான் பெரும்பாலான கதைகளின் பொருள்.

அடுத்து வாசிக்க ஒரே நூலைச் சொல் என்றால் ஆர்தர் சி. கிளார்க்கின் 'ரான்டேவூ வித் ராமா'வைச் சொல்வேன். ஜார்ஜ் டவுன் சௌரஸ்தா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அங்கே பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் பிரதியின் ஓரங்களில், முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். 1973-இல் வந்த இந்த நாவலில், மனிதர் அல்லாத யாரோ கட்டிய 50 கிலோமீட்டர் நீள உருளை ஒன்று சூரியக் குடும்பத்துக்குள் நுழைகிறது. கிரேக்க, ரோமானியக் கடவுளரின் பெயர்கள் தீர்ந்துவிட்டதால் வானியலாளர்கள் அதற்கு ராமா என்று பெயர் வைக்கிறார்கள். உருளை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்கிறது. அதன் உட்புற விட்டம் 16 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்கள் போதும்: 240 நொடிக்கு ஒரு சுற்று, ஆரம் 8,000 மீட்டர் என்று வைத்து வட்ட இயக்கச் சமன்பாட்டைப் போட்டால், உள்ளே நடப்பவர் பூமியில் உணரும் எடையில் பாதிக்குச் சற்று அதிகமாக உணர்வார் என்று வருகிறது. பென்சில்காரரும் அதே விடையைத்தான் எழுதியிருந்தார். உருளையின் நடுவில் வளையம்போல ஒரு கடல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் வடக்குக் கரை 50 மீட்டர் உயரம், தெற்குக் கரை 500 மீட்டர் உயரம். கட்டியவர்கள் யாரும் கண்ணில் படுவதில்லை, ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆனால் அந்த உயர வேறுபாடு ஏன் என்று யோசித்தால் அந்தக் கலத்தைப் பற்றிய மிக முக்கியமான ஓர் உண்மை தெரிந்துவிடும். விடையை நான் இங்கே சொல்லவில்லை. திடீரென்று கிளம்பும் பேருந்தின் தரையில் வைத்த வாளித் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளார்க் நமக்கு அயலவரும் அல்லர். 1956 முதல் இலங்கையில் குடியிருந்தவர். திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளைத் தம் நண்பரோடு மூழ்கிப் பார்த்தவர். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுஜாதா மறைந்தார். மூன்று வாரங்கள் கழித்து கிளார்க்கும் மறைந்தார். அந்த மாதத்தை நான் மறக்கவில்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் வைத்த துணைக்கோளம் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் அசையாமல் நிற்கும், அத்தகைய மூன்றைக் கொண்டு உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று அவர் 1945-லேயே ஒரு வானொலித் தொழில்நுட்ப இதழில் எழுதினார். உங்கள் வீட்டுக் கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டைப் பாருங்கள்; அத்தகைய கோளத்தை நோக்கியே அது நிற்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அது ஏறக்குறைய உச்சி வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. லண்டனில் இருப்பவர்களின் தட்டுகள் அடிவானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். கிளார்க்கின் 1979-ஆம் ஆண்டு நாவலான 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', பூமியிலிருந்து அந்த உயரத்துக்கு மின்தூக்கி கட்டுவதைப் பற்றியது. அதற்கு அடித்தளம் நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பதால், இலங்கையை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டேன் என்று பின்னுரையில் தாமே சொல்லிவிடுகிறார். பேரேட்டில் கடனைப் பதிவது என்றால் இதுதான். அவ்வளவு நீளத்துக்கு அறுந்துபோகாத கயிற்றைத் திரிக்கும் பொருள் இன்றுவரை நம் கையில் இல்லை.

அண்மையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் டெட் சியாங். அவருடைய 1998-ஆம் ஆண்டு நெடுங்கதை ஒன்றில், மொழியியலாளர் ஒருவர் வேற்றுக் கிரகத்தாரின் எழுத்தைக் கற்கிறார். அதன் அடியில் இருக்கும் இயற்பியலைப் பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையை வைத்தே நான் மாணவர்களுக்கு விளக்குவேன். மணலில் நிற்கும் நீங்கள், சற்றுத் தள்ளிக் கடலில் தத்தளிக்கும் குழந்தையிடம் விரைவாகப் போக வேண்டும். நேர்கோட்டில் போக மாட்டீர்கள். மணலில் ஓடுவது வேகம், நீரில் நீந்துவது மெதுவு என்பதால் மணலில் கூடுதல் தூரம் ஓடி, பிறகு நீரில் இறங்குவீர்கள். ஒளியும் காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது அப்படித்தான் வளைகிறது. அப்படியென்றால் போய்ச் சேரும் இடம் ஒளிக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரியத் தேவையில்லை, அடிக்கு அடி கணக்கிடும் முறையும் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்க்கும் முறையும் கணிதத்தில் ஒரே விடையையே தருகின்றன. இது உறுதி. இரண்டாவது முறையில் சிந்திக்கும் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டால் எதிர்காலம் நினைவுபோலத் தெரியும் என்பது சியாங் வாங்கிய கடன். மொழி சிந்தனையை ஓரளவு பாதிக்கிறது என்பதற்கு ஆதாரங்கள் உண்டு; அதுவே சிந்தனையை முற்றிலும் நிர்ணயிக்கிறது என்பதை மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அந்தக் கடனைக் கொண்டு அவர் எழுதியிருப்பது, மகளை இழக்கப்போவது தெரிந்தும் அவளைப் பெற்றெடுக்கும் ஒரு தாயின் கதை. அதைப் படித்துவிட்டு நான் வெகு நேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' பொறுமையோடு வாசிக்க வேண்டியது. நிலையான ஆண், பெண் என்ற பிரிவே இல்லாத மக்களின் அரசியலும் அன்பும் எப்படி இருக்கும் என்பதை அவர் அணுவணுவாக யோசித்திருக்கிறார். வங்கத்துப் பேகம் ரொக்கையா 1905-இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழில் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாஸ் டிரீம்' ஒரே அமர்வில் முடிந்துவிடும். பெண்கள் ஆளும் நாட்டில் சூரிய வெப்பம் சமையலுக்கும் போருக்கும் பயன்படுகிறது. தமிழில் ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு, நம் மரபு அறிவையே அறிவியல் கேள்வியாக மாற்றிப் பார்ப்பதால் சுஜாதாவிடமிருந்து முற்றிலும் வேறுபட்டது. 'அரூ' இணைய இதழ் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிகளில் வந்தவை ஒரே தரத்தில் இல்லை. ஆயினும் இன்று தமிழில் இந்த வகையை எழுதிப் பார்ப்பவர்களை அங்கேதான் சந்திக்கிறேன். நம் நாட்டுச் சூழலுக்கு, 2015-இல் ஃபிக்ஸி வெளியிட்ட 'சைபர்பங்க்: மலேசியா' என்ற ஆங்கிலத் தொகுப்பு. அதைத் தொகுத்த சென் சோ ஹியூகோ விருது பெற்றவர். அவருடைய பினாங்கு நாவலான 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' மிக நல்ல நூல்தான், ஆனால் அது தெய்வங்களும் ஆவிகளும் வரும் கதை, அறிவியல் புனைகதையாக எண்ணி வாங்க வேண்டாம்.

ஆங்கில நூல்கள் நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தமிழ் நூல்களுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். ராமாவை நீங்கள் வாசித்து முடித்ததும் அறைத் தோழரிடம் கொடுங்கள். முழு நூலையும் வாசிக்க அவருக்கு மனம் இல்லையென்றால் கடலைக் கடக்கும் அத்தியாயத்தை மட்டும் கொடுத்து, தெற்குக் கரை ஏன் பத்து மடங்கு உயரம் என்று கேளுங்கள். பொறியியல் மாணவர் என்கிறீர்கள்; பக்கத்தில் ஒரு பென்சிலும் வையுங்கள்.